என் கடையில் மட்டும் நகராத புயல்

ஒரு விஷயம் நமக்குச் சுத்தமாகத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி நாலு பேர் தினமும் வந்து நம்மிடம் யோசனை கேட்டால், மூன்றாம் நாள் அது நமக்குத் தெரிந்துவிடும். எனக்குப் புயல் தெரிந்துபோனது அப்படித்தான். அதற்கு முன்னால் புயலைப் பற்றி நான் அறிந்திருந்ததெல்லாம், அது வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு என்பது ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்கள். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், நடுவே பிளைவுட் தடுப்பு, ஒரு பிரிண்டர், தலைக்கு மேலே கடகடவென்று நாலு ஃபேன், வாசலில் "அண்ணாமலையிலேயே அதிவேக இன்டர்நெட்" என்று ஒரு போர்டு. நான் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். (வெயில் கொளுத்துகிற ஊரில் டை எதற்கு என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் என்றால் டை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். டையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு அதே வேகத்தில் விசிறியால் விசிறிக்கொள்ளவும் செய்வேன்.) வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். ஆசிரமத்தில் மனசை அடக்கிவிட்டு, நேராக என் கடைக்கு வந்து வீட்டுக்கு மெயில் எழுதுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா எனக்குப் பெண் பார்த்தாள். செங்கம் போகிற வழியில் ஒரு கிராமம். பெண் கலைச்செல்வி, டிகிரி முடித்துவிட்டு வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. காபித் தட்டை வைத்துவிட்டு அவள் போகவில்லை, நின்று என்னையே கேட்டாள்.

"உங்க கடையில என்னா விப்பீங்க?"

"ஒண்ணும் விக்கறதில்லைங்க. வர்றவங்க உக்காந்து பாப்பாங்க."

"பாத்துட்டு?"

"போயிடுவாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய அப்பா ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவர் மல்லாட்டை விவசாயி. (வேர்க்கடலைதான். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால் வெளியூர்க்காரன் என்று விலையை ஏற்றிவிடுவார்கள்.) விதைத்தால் முளைக்கும், பிடுங்கினால் காய் இருக்கும், மூட்டை கட்டினால் மண்டிக்குப் போகும். கண்ணால் பார்க்கக்கூடிய தொழில். பார்த்துவிட்டுப் போய்விடுகிறவர்களை வைத்து ஒருத்தன் எப்படிச் சோறு தின்ன முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் என் கடைக்கே வந்துவிட்டார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, திரையை முறைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களை அவர் முறைத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறார்.

"டிவிப் பொட்டிய மணிக்கணக்குல வாடகைக்கு உடறாரு தம்பி. கரண்ட் போச்சுன்னா தொழிலும் போச்சு. மல்லாட்டைய பிடுங்கி வித்துட்டு யோசிச்சு சொல்றேம்மா. எப்படியும் கல்யாணச் செலவு அதுலருந்துதான் வரணும்."

ஆக, என் கல்யாணம் அப்போது மண்ணுக்கடியில் முற்றிக்கொண்டிருந்தது. மல்லாட்டை நல்லபடியாக வீடு வந்தால் அவர் கையில் காசு இருக்கும், மனசும் கொஞ்சம் இளகும். அதற்குள் என் தொழில் உருப்படியான தொழில்தான் என்று அவரை நம்பவைக்க எனக்கு ஒரு வழி வேண்டும். கலைச்செல்வியின் அந்தச் சிரிப்பு எனக்குச் சாப்பிடும்போதுகூட ஞாபகம் வந்து தொலைத்தது.

வழி வங்காள விரிகுடாவில் உருவானது.

ஐப்பசி மாதம். புயல் சின்னம் என்றார்கள் ரேடியோவில். ஆந்திராவுக்குப் போகும் என்றார்கள். ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன தடவை இப்படித்தான், பயங்கரமாக வருகிறது என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, அன்றைக்குப் பார்த்து மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்தது. நான் சும்மா இருக்காமல், கடலை மேலிருந்து எடுத்த சாட்டிலைட் படம் இன்டர்நெட்டில் வருவதைக் கண்டுபிடித்துவிட்டேன். நீலக் கடலில் வெள்ளையாக, பரோட்டா மாவைச் சுற்றி வைத்த மாதிரி ஒரு சுருள். ஒரு பிரிண்ட் எடுத்துப் பக்கத்து டீக்கடையில் ஒட்டினேன்.

டீக்கடைக்காரர் கேட்டார், "இது ஆந்திராவுக்குப் போவுமா தம்பி?"

எனக்கு என்ன தெரியும்? சுருளின் வால் கீழ்ப் பக்கமாக நீண்டிருந்தது. "போவாதுங்க. கீழ இறங்கும்" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் ரேடியோவில், புயல் திசை மாறுகிறது, ஆந்திரா இல்லை, சென்னைப் பக்கம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவுதான். கடைக்குக் கூட்டம் கூடிவிட்டது. செங்கல் சூளைக்காரர் வந்தார், பந்தல்காரர் வந்தார், பஞ்சாமிர்தம் போட்டு விற்கிறவர்கூட வந்தார். (அவருக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) எல்லோருக்கும் படம் பிரிண்ட் போட்டு, வலது ஓரத்தில் "குமரேசன் பிரவுசிங் சென்டர்" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன். அந்த ஓரத்தில்தான் பொடி எழுத்தில் என்னவோ தேதியும் நேரமும் அச்சாகியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று சரியாக அதன்மேலேயே ஸ்டாம்பை அழுத்தினேன். கடவுள் கொடுத்த கண்ணை நானே மூடிக்கொண்டேன்.

இன்னொரு கைங்கரியமும் செய்தேன். அப்போதெல்லாம் போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட். கீகீ கூகூ என்று கத்திவிட்டு லைன் கிடைக்கும், அப்புறம் ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். கூட்டம் ஜாஸ்தியானதும் வேகம் இன்னும் கம்மியாகிவிட்டது. வாசல் போர்டைப் பார்த்து எல்லோரும் நக்கலடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் நோண்டிக்கொண்டிருந்தபோது ஓர் இடத்தில், ஏற்கெனவே பார்த்த பக்கத்தைத் திரும்பக் கொண்டுவராதே, கைவசம் இருக்கிறதையே காட்டு என்கிற மாதிரி ஒரு வசதி இருந்தது. நாலு கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுவிட்டேன். ஆகா! தட்டினால் படம் பளிச்சென்று வந்து நின்றது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சி அன்றைக்கு ஒரு பாதாம்பால் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை ஏகாம்பரம் மொபெட்டில் வந்து இறங்கினார். பெஞ்சில் உட்காரவில்லை, நேராக என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, டீக்கடையில சொன்னாங்க. புயலு இப்ப எங்க கீதுன்னு உங்க பொட்டி காட்டுதாமே?"

"காட்டுதுங்க மாமா." மாமா என்று வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அவருக்குப் பயிர்க் கவலை.

"மல்லாட்ட முத்திப் போச்சு. இலை பழுத்து கொட்டுது. உட்டா மண்ணுலயே முளைச்சுடும். பிடுங்கினா செடியில காஞ்சி, காய் ஆஞ்சி, களத்துல போட்டு எடுக்க நாலு நாள் வெயிலு வேணும். நடுவுல நனைஞ்சா கறுத்துப் பூடும், மண்டியில ஒருத்தன் தொட மாட்டான். ரேடியோக்காரன் காலையில ஒண்ணு சொல்றான், சாயங்காலம் ஒண்ணு சொல்றான். நாலு நாள் கிடைக்குமா கிடைக்காதா, அத மட்டும் சொல்லுங்க."

அந்த மனுஷர் முதல் தடவையாக என் தொழிலிடம் ஒன்று கேட்கிறார்! நான் டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு டாக்டர் மாதிரி திரையைத் திருப்பிக் காட்டினேன். தட்டினேன். பளிச்.

"இதோ பாருங்க. நேத்து சாயங்காலம் அந்தமான் பக்கத்துல இருந்துச்சு. இப்பவும் அங்கயேதான் இருக்குது. ஒரு இம்மி நகரல."

"நகரலயா?"

"நகரலங்க. படுத்துட்டுது. இது கரைக்கு வரணும்னா ஒரு வாரம் ஆவும்."

"ரேடியோல கிட்ட வருதுன்றானே?"

"ரேடியோங்கறது காதால கேக்கறது. இது கண்ணால பாக்கறதுங்க." இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. ஒரு பிரிண்ட் எடுத்து ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆளுங்கள உட்டு இன்னிக்கே பிடுங்கிடறேன்" என்று கிளம்பினார். மொபெட்டை உதைத்தவர் திரும்பிப் பார்த்து, "பொட்டி ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு நெனச்சேன், பரவால்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு என்று அன்றைக்கே விசாரித்தேன்.

மறுநாளும் தட்டினேன். பளிச். புயல் அந்தமானிலேயே இருந்தது. ரேடியோவோ சென்னைக்கும் நெல்லூருக்கும் நடுவே என்றது, மதியம் சென்னைக்குத் தெற்கே என்றது, சாயங்காலம் வலுவிழக்கலாம் என்றது. "பாத்தீங்களா, அவங்களுக்கே தெரியல" என்று கடைக்கு வந்தவர்களிடம் சிரித்தேன். மாறி மாறிப் பேசுகிற ரேடியோவைவிட, ஒரே சொல்லில் நிற்கிற என் கம்ப்யூட்டர்மீது ஊருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

என் வாடிக்கையாளர் மார்த்தா என்று ஒரு டச்சுக்காரம்மா. அறுபது வயதிருக்கும், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தினமும் மலையைச் சுற்றுவார். ஊரில் அவர் மகளுக்குப் பிரசவ சமயம். ஏகாம்பரம் வந்துபோன அன்றைக்கே மெயிலைப் பார்த்துவிட்டு, மகளிடமிருந்து ஒன்றுமே வரவில்லையே என்று கண் கலங்கினார். மறுநாளும் வரவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் என் அரைகுறை இங்கிலீஷில் ஆறுதல் சொன்னேன், பிள்ளைகள் அப்படித்தான், நாம்தான் பற்றை விடவேண்டும் என்று. (ஆசிரமத்துக்கு ஏழு கடல் தாண்டி வந்த அம்மாவுக்குப் பிரவுசிங் சென்டர்க்காரன் வேதாந்தம் சொல்கிறான். திமிர் எவ்வளவு பாருங்கள்.) கல்லாப் பக்கத்திலிருந்து ஒரு கமர்கட் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை வானம் மூட்டமாக இருந்தது. காற்று திசை தெரியாமல் சுழன்று அடித்தது. உள்ளூர் மூட்டம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மார்த்தா புயலாக உள்ளே வந்தார். முகம் ரத்தச் சிவப்பு. அடுத்த தெருவில் இருந்த வேறொரு சென்டரில் போய்ப் பார்த்தாராம். அவருக்கு ஒரு பேத்தி பிறந்து, அந்தப் பேத்தியின் போட்டோவே வந்து காத்துக்கொண்டிருக்கிறது. மகளிடமிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். பதிலே இல்லையே, அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று கடைசிக் கடிதத்தில் மகள் அழுதிருக்கிறாள். உன் கம்ப்யூட்டர் எனக்கு மூன்று நாளாகப் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, முட்டாளே என்று கத்தினார். முட்டாளே என்பதை மட்டும் சுத்தமான தமிழில் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

பழைய பக்கம். மூன்று நாளாக. நாலு கம்ப்யூட்டரிலும்.

ஓடிப்போய் அந்தப் பாழாய்ப்போன வசதியை எடுத்துவிட்டு, புயல் படத்தைத் திறந்தேன். மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் ஆந்திரா தெரிந்தது, சுத்தமாக இருந்தது. அப்புறம் சென்னை. அதற்கப்புறம் வந்ததெல்லாம் வெள்ளை. அந்தமானில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பரோட்டா மொத்தமும் கடலூர், பாண்டிச்சேரி மேல் உட்கார்ந்து, ஓர் ஓரம் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டிருந்தது. படம் முழுசாக இறங்கி முடிப்பதற்குள் வாசலில் தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. அதிவேகம்!

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு மிதித்தேன். ஏன் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. போய் மழையை நிறுத்தவா முடியும்? பாதி வழியில் மழை கொட்ட ஆரம்பித்தது, டை தண்ணீரில் ஊறிக் கழுத்தை இறுக்கியது. கழனிக்குப் போனால், பிடுங்கிய செடி வரப்பு நெடுகக் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்துகொண்டிருந்தது. ஏகாம்பரமும் ஆட்களும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், காற்று அதைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது. நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. ஈரச் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, மடிப்புப் பிரித்து, என் முகத்துக்கு நேராகக் காட்டினார். மை கரைந்து அவர் விரலெல்லாம் நீலம்.

"படுத்துட்டுதுன்னீங்களே தம்பி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் தெரிந்திருக்காது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கலைச்செல்வி, தெரிந்தது என்கிறாள்.

அவளும் அங்கேதான் சேற்றில் நின்று செடிகளை வாரிக்கொண்டிருந்தாள். "அழுவறத அப்புறம் அழுவலாம். ஊர்ல கரண்ட் இல்ல, ஒதுங்க எடமில்ல. உங்க கடையில ஃபேன் ஓடுதா?" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு டிராக்டர் நிறைய ஈர மல்லாட்டை என் பிரவுசிங் சென்டரில் வந்து இறங்கியது. தரை, பெஞ்ச், கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், பிரிண்டர் மேல், எங்கும் மல்லாட்டை. நாலு ஃபேனும் முழு வேகத்தில் சுற்றின. ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். சேற்று வாசனை, செடி வாசனை. மார்த்தா கோபம் தணிந்து வந்து, கணுக்கால் வரை காய்க்குள் காலை விட்டுக்கொண்டு பேத்தியின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது ஒரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் காசு கேட்கவில்லை.

ஆனால் ஃபேன் காற்றில் எத்தனை காயும்? மறுநாள் கலைச்செல்வி ஒரு காயை நசுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது மண்டிக்கு ஆவாதுப்பா. காய வெச்சா எல்லாம் கறுத்துடும். அவிச்சுடலாம்."

"இவ்ளோத்தையும் அவிச்சு யாருக்கும்மா குடுக்கறது?" என்றார் ஏகாம்பரம்.

"பௌர்ணமி வருதில்ல?"

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் என் கடை வாசல் வழியாகத்தான் போகும். ஆனால் ரேடியோ அப்போது இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தது. போன புயல் திரும்பிக் கடலுக்கு வந்து மறுபடி வலுவடையலாமாம். அதைக் கேட்டு மற்ற கடைக்காரர்கள் ஒருத்தரும் சரக்கு எடுக்கவில்லை. ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் போன் லைனையே பிடுங்கி வைத்துவிட்டிருந்தேன்.

"என்னைக் கேக்காதீங்க மாமா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ஆவாதா?" என்றார்.

பாத்திரக் கடையில் இரண்டு பெரிய அண்டா வாடகைக்கு எடுத்து, வாசலில் அடுப்புப் போட்டோம். விறகு ஈரம். ஊதி ஊதி எனக்குக் கண் இரண்டும் பழுத்துப் போயிற்று. சட்டையைக் கழற்றிப் போட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். பௌர்ணமியன்று பொழுது சாயும்போது வானம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. புயல் வரவில்லை, ஜனம் வந்தது. மழைக்குப் பயந்து நாலு நாளாக அடைந்து கிடந்த ஜனம் மொத்தமும் கிளம்பி வந்துவிட்டது. குளிர்காற்று, வழியில் வேறு கடையே இல்லை, அண்டாவிலிருந்து ஆவி பறக்கிறது. "சூடா மல்லாட்ட! உப்புப் போட்ட மல்லாட்ட!" என்று என் தொண்டையிலிருந்து எப்படி அப்படியொரு குரல் வந்தது என்று எனக்கே தெரியாது. கலைச்செல்வி பொட்டலம் மடித்தாள். (புயல் படம் பிரிண்ட் போட வாங்கி வைத்திருந்த காகிதம் கட்டுக்கட்டாக இருந்தது. நல்ல கெட்டிக் காகிதம்.) மார்த்தா வெளிநாட்டுக்காரர்களை ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அண்டா அடி தெரிகிற வரை விற்றோம். மண்டியில் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடியதற்குக் கொஞ்சமும் குறையவில்லை.

ஏகாம்பரம் எதிர்ப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கரி பூசிய முகம், கிழிந்த தொண்டை, புகையில் வடிகிற கண். நான் அவருக்கு நேராகத் தலையைத் தூக்கவில்லை. அவர் மெல்ல நடந்து, உதவிக்கு வந்திருந்த என் அம்மாவிடம் போனார்.

"தம்பி என்னா வேல செய்யறாருன்னு இப்பத்தாம்மா எனக்கு விளங்குது. தை மாசம் வெச்சுக்கலாம்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இன்றுவரை என் மாமனார் தன் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "மாப்ள மல்லாட்ட வியாபாரம், சைடுல கம்ப்யூட்டரும் பாக்கறாரு" என்றுதான் சொல்கிறார். பிரவுசிங் சென்டர் போய், வேறு வேலை போய், இப்போது ஒரு கம்பெனியில் பெரிய பதவிக்கே வந்துவிட்டேன். அவரைப் பொறுத்தவரை நான் ஒரே ஒருநாள்தான் ஒழுங்காக வேலை பார்த்தேன்.

ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறந்தால் தவறாமல் எனக்குப் போன் வந்துவிடும். வருஷக்கணக்கில் நான் நெகிழ்ந்துபோனேன். மனுஷர் என்னை மன்னித்துவிட்டார், மறுபடியும் நம்புகிறார் என்று கலைச்செல்வியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவள் அப்போதும் சிரித்தாள். போன வருஷம்தான் விஷயம் விளங்கியது.

"மாப்ள, மல்லாட்ட களத்துல கீது. மழ வருமா?"

ஆபீஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். சுள்ளென்று வெயில். கையில் இருந்த போனிலும் பார்த்தேன், புத்தம் புதுப் படம், அந்த நிமிஷத்துப் படம்.

"வராது மாமா. தைரியமா காய வைங்க."

"சரி மாப்ள" என்றவர் போனை அணைக்க மறந்துவிட்டார். அந்தப் பக்கம் அவர் களத்தைப் பார்த்துக் கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"டேய், மாப்ள வராதுன்னுட்டாரு! ஓடியாங்கடா, தார்ப்பாய இழுத்து மூடுங்க!"